நெடுங்கரைப்பட்டி வாங்கிக்கொண்ட குலுக்கு

தவசிலிங்கத்தின் வெள்ளைக் காரில் பின்பக்கத்து இடது ஸ்பிரிங் முறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு, பதினேழாம் நம்பர் பள்ளத்தில். அன்றையிலிருந்து அந்தக் கார் குலுங்குவதை நிறுத்திவிட்டது.

முறிந்தால் கூடுதலாக அல்லவா குலுங்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். தவசிலிங்கமும் அதைத்தான் கேட்டார், பார்க்கிறவனிடமெல்லாம் கேட்டார். அவர் கரண்டு ஆபீஸில் முப்பத்துமூன்று வருஷம் ஒயர்மேனாக இருந்து, பத்து விரலும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்த மனுஷன். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்களை டவுனுக்கு ஏற்றிப்போய்க் கூட்டி வருவது அவர் கார்தான். இன்றைக்கும் சொந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்னால் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் திறப்பார். கம்பத்துக்கு நம்பர் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா, ஊரிலிருந்து மெயின் ரோடு வரைக்குமான பதினொரு கிலோமீட்டரில் இருக்கிற பள்ளங்களுக்கும் நம்பர் போட்டு வைத்திருந்தார். பெரிய பள்ளம் மட்டும் நாற்பத்தேழு. அதில் இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு வரை கண்மாய்க்கரை மேலே. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆழமான மடைக்குழி, நடுவில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் போகிற அகலம்.

ஸ்பிரிங் முறிந்த அன்று பின்சீட்டில் இருந்தவர் பெட்டிசன் இருளப்பன். ஒன்பது வருஷத்தில் ஊர்க்காரர்கள் மேல் நாற்பத்துமூன்று மனுப் போட்டவர். நாற்பத்துநாலாவதைக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். பதினேழில் 'டணார்' என்று ஒரு சத்தம் கேட்டது, பதினெட்டில் இறங்கினால் ஒன்றுமே தெரியவில்லை, பத்தொன்பது வந்ததும் போனதும் தெரியவில்லை.

"என்னப்பா, ரோடு போட்டுட்டானா? அதுக்கும் ஒரு மனு எழுதி வச்சிருந்தேனே" என்றார் இருளப்பன், பறிகொடுத்த குரலில்.

டவுனில் மெக்கானிக் காஜா மைதீன் காரைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தான். கடைசிச் சுற்று துண்டாகப் போயிருந்தது, மிச்சமிருந்த முனை டயருக்கு இரண்டு விரல் தள்ளி நீட்டிக்கொண்டிருந்தது.

"கத்தியாட்டம் இருக்குண்ணே. டயர்ல பட்டுச்சுன்னா கிழிச்சுரும்" என்றவன், ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய், வாசல் வேகத்தடையில் மூன்று தடவை ஏற்றி இறக்கிவிட்டு, மூஞ்சியெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தான். "ஆத்தாடி, புது வண்டியில கூட இப்பிடி இல்லண்ணே. நான் கையே வைக்க மாட்டேன்."

"முறிஞ்சது முறிஞ்சதுதானப்பா?"

"முறிஞ்சதுதான்."

"பெறகு?"

"பெறகு என்னண்ணே, நல்லா ஓடுதே!"

தவசிலிங்கம் விடவில்லை. நல்லா ஓடுதே என்று விட்ட லைனில்தான் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். பழைய மாடல், ஸ்பிரிங் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும், மூன்று வாரமாகும் என்றான் காஜா. சொல்லி வைத்துவிட்டு அவர் திரும்பி ஓட்டினார், வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கரண்டு காணாமல் போகாது, எங்கேயாவது இறங்கித்தான் தீரும். நம் கையில் அடிக்கவில்லை என்றால் வேறு எவன் கையிலோ அடிக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியானால் இந்தக் குலுக்கெல்லாம் யார் தலையில் போய் எர்த் ஆகிறது?

வீட்டுக்கு வந்தால் பெண்சாதி குருவம்மாள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம், ஒன்பதே காலுக்கு உட்கார்ந்த பலகையோடு ஒரு முழம் தூக்கிப் போட்டதாம், அதுக்குப் பிறகு ஒன்று மாற்றி ஒன்று, மினி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த கணக்காக.

"அந்நேரம் என்ன நெனச்சுட்டு இருந்த?"

"என்னத்த நெனப்பேன்? பிரஷர் மாத்திரையப் போடாமப் போயிட்டீகளேன்னு..."

"அப்ப என்னைய நெனச்சிருக்க."

"நான் எதுக்கு ஒங்கள நெனக்கிறேன்? மாத்திரைய நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, எரியாத அடுப்பைக் குறைக்க உள்ளே போய்விட்டாள்.

ஒரே வாரத்தில் தவசிலிங்கம் நோட்டுப் போட்டு, பள்ள நம்பரும் மணியும் குறித்து, வீடு வீடாகப் போய் விசாரித்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரில் போகிற ஆளை அந்நேரம் ஊரில் யார் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, அந்த ஆளுக்குரிய பங்குக் குலுக்கு அவருக்குப் போகிறது. ஒருத்தர் நினைத்தால் முழுசும் ஒருத்தருக்கு, பத்துப் பேர் நினைத்தால் பத்தாய்ப் பிரிந்து போகிறது. காருக்குள்ளே இருந்துகொண்டு நினைப்பது சேர்த்தியில்லை, கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கையே எர்த் ஆக முடியாது அல்லவா, அந்தக் கதைதான்.

நெடுங்கரைப்பட்டி இதற்கெல்லாம் வாயைப் பிளந்து நேரத்தைப் போக்கவில்லை. மேகம் கறுத்தால் வடகத்தை உள்ளே எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி எடுத்துக்கொண்டது. பிள்ளை காரில் காலேஜுக்குப் போகிற நாளில் தாய்மார்கள் ஒன்பது மணிக்குள் குழம்புச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தார்கள், தன் தம்பி போகிற வேளையில் சலூன் செல்லையா சவரக் கத்தியை மடித்து டப்பாவில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், டீக்கடையில் கிளாஸுக்கு முக்கால்தான் ஊற்றினார்கள், பசுகூட ஒன்பதே காலுக்குக் கறக்க விடாமல் தள்ளிப் போய் நின்றது. பிரசவத்துக்கு மகளை அனுப்பிவிட்டு ஒரு தாய் வாசலில் எம்பி எம்பி விழுந்தபோது, எதிர்வீட்டுக்காரிகள் நாலு பேர் ஓடி வந்து, "நாங்களும் நெனக்கிறோம்க்கா, நீ தனியா வாங்காத" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வேடிக்கைக்கும் பஞ்சமில்லை. செல்லையாவின் தம்பி டவுனுக்குப் போன அன்று மேலத்தெரு மலர்க்கொடி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் இருந்த இடத்திலேயே மூன்று குதி குதித்தாள். அப்புறம் என்ன, தை மாசத்தில் கல்யாணம். கண் ஆபரேஷனுக்குப் போன மாமியாருக்காகக் குதித்துக் காட்டிய மருமகள்களும் உண்டு. ஆனால் கள்ளக் குதியை ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. நிஜக் குதியில் முழங்கால் மடங்காது, ஆள் அப்படியே மேலே போய் அப்படியே கீழே வருவார், முகத்தில் ஒரு திடுக்கிடல் இருக்கும். அதை நடிக்க முடியவில்லை.

எல்லாரிலும் சுகமாகப் போய் வந்தவர் பெட்டிசன் இருளப்பன்தான். அவர் காரில் ஏறினார் என்றாலே, "கட்டையில போறவன், இன்னைக்கு யாரு குடியக் கெடுக்கப் போறானோ" என்று ஊரே ஒன்றாய்க் கரித்துக்கொட்டும். கரித்துக்கொட்டுவதும் நினைப்புத்தானே! அவருடைய குலுக்கு நூற்றெண்பது வீட்டுக்குப் பிரிந்து போய், குடத்துத் தண்ணீரில் ஒரு வட்டம் எழும்பி அடங்குவதோடு சரி. ஆசையாக நினைத்தாலும் வைதுகொண்டு நினைத்தாலும் வோல்டேஜ் ஒன்றுதான் என்று தவசிலிங்கம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

குறித்தாரே தவிர அவருக்கு நிம்மதியில்லை. வெறும் நினைப்பில் ஒரு வண்டி ஓடலாமா? எல்லாரும் ஒரே நேரத்தில் அயர்ந்துவிட்டால்? ஒருத்தர்கூட நினைக்காத ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால்? டீக்கடையில் சொன்னார், மந்தையில் சொன்னார். "நல்லதா ஒண்ணு நடந்தா ஒங்களுக்குப் பொறுக்காதே சித்தப்பா" என்று சிரித்தார்கள். இரண்டாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை வெள்ளத்தாய் ஏறினாள்.

வெள்ளத்தாய் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபத்திரண்டு வருஷம் பாத்திரம் கழுவி, சோறு போட்டவள். புருஷன் போய் வெகு காலம், பிள்ளை இல்லை. தெருக்குழாயில் அவள் குடத்தை யாராவது தள்ளி வைத்தால், தானே எடுத்துக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போய்விடுவாள். ஒரு சத்தம் போட்டதில்லை, ஒரு கடன் கேட்டதில்லை, ஒருவர் வீட்டு வாசலில் ஒரு வார்த்தை கூடுதலாய் நின்றதில்லை. அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இனி செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர். ஊருக்கு வருகிற பஸ் விடியற்காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மிஷினிலிருந்து எழுந்தவளால் அதுவரை உட்கார முடியாது. டவுன் வாடகைக் கார்க்காரர்கள் கண்மாய்க்கரையைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். தவசிலிங்கத்தை விட்டால் அவளுக்கு வழியில்லை.

முதல் பள்ளத்திலேயே 'கடக்' என்றது. தவசிலிங்கம் கியரைக் குறைத்தார். இரண்டாவதில் 'கடக்', மூன்றாவதில் 'கடக்', அவர் பங்குக் குலுக்கு வழக்கம்போல வீட்டுக்குப் போய்க் குருவம்மாளை எம்ப வைத்தது, வெள்ளத்தாயின் பங்கு போக ஒரு வீடு இல்லாமல் காரிலேயே நின்று, முறிந்த இரும்பின் மேல் இறங்கியது. கண்மாய்க்கரையில் நடை வேகத்தில் போனார். இருபத்துமூன்றில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கி மடைக்குழிப் பக்கம் போய் நின்றது, கரைக்கல் ஒன்று பெயர்ந்து உள்ளே விழுந்தது, அது அடியில் போய் மோதுகிற சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் டயரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"என்னாலயாண்ணே?" என்றாள் வெள்ளத்தாய் ஜன்னல் வழியாக. "வேணும்னா நான் கரை முடியிற வரைக்கும் எறங்கி நடந்து வாரேன்."

தவசிலிங்கம் அவளை இறங்க விடவில்லை. முறிந்த இரும்பு இன்னும் இரண்டு பயணத்துக்கு டயரை விட்டு வைக்குமா, ஸ்பிரிங் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, அவளைக் கூட்டிக்கொண்டு போகாமலும் இருக்க முடியாதே, இதுதான் அன்று முழுக்க அவர் நெஞ்சில் உருண்டது. நான் வீட்டில் இருந்தால் உன் குலுக்கு மொத்தத்தையும் நானே வாங்கிக்கொள்வேனே தாயி, நான் வீட்டில் இருந்தால் யார் ஓட்டுவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, டயரை மாற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி திரும்பக் கூட்டி வந்து சேர்த்தார்.

புதன்கிழமை சாயங்காலம் கோயில் ரேடியோ செட்டில் சொல்லி ஊரை மந்தையில் கூட்டினார். வெள்ளிக்கிழமை எல்லாரும் வெள்ளத்தாயை நினைக்க வேண்டும் என்று கேட்டார். இதென்ன பெரிய காரியம் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பார்த்தால், நினைப்பு நிற்க மாட்டேன் என்கிறது. குருவம்மாள் அவள் சேலை நிறத்திலிருந்து ஆரம்பித்தாள், அது துவைக்கிற கல்லுக்குப் போய், சோப்புக்குப் போய், பால்காரனிடம் போய் நின்றது. முப்பது வயசுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் அவள் கையால் சோறு வாங்கித் தின்றவர்கள்தான். சலூன் செல்லையா வெகு நேரம் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "கரண்டி ஞாபகம் இருக்கு சித்தப்பா. மொகம் வரல."

தவசிலிங்கம் எல்லாரையும் முறைத்தார். வெள்ளத்தாய் கூட்டத்துக்குக் கடைசியில், வேப்பமரத்துத் தூரில் உட்கார்ந்திருந்தாள். "அவுகள வையாதீகண்ணே, நெனக்க நான் என்ன செஞ்சிருக்கேன்" என்றாள்.

அப்போதுதான் பெட்டிசன் இருளப்பன் தொண்டையைச் செருமினார். "அதான் தப்பு. ஒண்ணுமே செய்யல நீ. என்னையப் பாரு, ஊரே நெனக்குது, மெத்தையில போற மாதிரிப் போயிட்டு வாரேன். நீயும் நாளைக்கு ஒரு நாள் நாலு பேருக்குத் தொந்தரவு குடு."

"எனக்கு அது பழக்கமில்லையே" என்றாள் வெள்ளத்தாய், நிஜமாகவே பயந்து போய்.

"பழகு. உசுரு வேணுமில்ல?"

வியாழக்கிழமை வெள்ளத்தாய் ஊருக்குத் தொந்தரவு கொடுக்கக் கிளம்பினாள். பார்க்கச் சகிக்கவில்லை. குழாயடியில் குருவம்மாளின் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, உடனே "தப்பா எடுத்துக்கிறாதீக மதினி" என்று பழைய இடத்திலேயே வைத்தாள். டீக்கடையில் டீ ஆறிப்போச்சு என்று சொல்லப் போனவள், நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். ரேசன் கடையில் சண்டை போடப் போய், கூட்டமாக இருக்கிறதே என்று மூட்டை தூக்கிக் கொடுத்தாள். தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

உச்சிவெயில் இறங்குகிற நேரத்தில் குருவம்மாள் வீட்டு வாசலில் வெள்ளத்தாய் வந்து நின்றாள். தவசிலிங்கம் உள்ளே நோட்டும் கையுமாக இருந்தார்.

"என்னத்தா, சண்ட போட வந்தியா?" என்று சிரித்தாள் குருவம்மாள்.

வெள்ளத்தாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, ஒங்க பெரிய மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கல."

குருவம்மாளின் சிரிப்பு நின்றது.

"வேணும்னு செய்யலன்னு தெரியும். விட்டுப் போச்சு, அம்புட்டுத்தான். பக்கத்து வீட்டுக்கு வச்சீக, எதுத்த வீட்டுக்கு வச்சீக. வருவீகன்னு அன்னைக்கு வெளிய கூடப் போகாம, வெத்தல பாக்கு வாங்கித் தட்டுல வச்சு ஒக்காந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டதும் எடுத்து உள்ள வச்சுட்டேன்." அவள் குரல் உயரவேயில்லை. "ஒங்களுக்குத் தொந்தரவுன்னா எனக்கு இதுதான் சொல்லத் தெரியுது."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே காதுகுத்து. அதற்கடுத்த வீட்டில் வளைகாப்பு. சலூன் செல்லையாவிடம், "நீ அஞ்சாப்பு படிக்கையில கீழ விழுந்து பல்லு ஒடஞ்சப்ப தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான்தான்யா, ஒங்கம்மா டீச்சருக்குத்தான் தேங்காப்பழம் குடுத்துச்சு" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் இருபத்தெட்டு விசேஷம், ஒன்றுவிடாமல் வைத்திருந்தாள், ஒரு வீட்டிலும் அழவில்லை, ஒரு வீட்டிலும் உட்காரவில்லை. கடைசியாக பெட்டிசன் இருளப்பனிடம் போய், "ஊருல எல்லாரு மேலயும் மனுப் போட்டீக, எம்மேல ஒண்ணு கூடப் போடலையே" என்றாளாம். இருளப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் பெண்சாதியே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை. முதல் பள்ளத்தில் தவசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். சத்தம் இல்லை. இரண்டு, மூன்று, பத்து, சத்தம் இல்லை. கண்மாய்க்கரை மேல் ஏறும்போது குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஏறினார், இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இடது பக்கம் தண்ணீரில் காரின் நிழல் ஒரு ஆட்டமில்லாமல் கூடவே வந்தது. கண்ணாடியில் பார்த்தார். வெள்ளத்தாய் மடியில் கை வைத்தபடி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் என்ன நடந்தது என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. நூற்றெண்பது வீட்டிலும் குதித்திருக்கிறார்கள். பங்கு பிரிந்தும்கூடப் பலமாகத் தூக்கியிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொருத்தரும் அவளை ஓரமாக நினைக்கவில்லை, வேறு நினைப்பே இல்லாமல் நினைத்திருக்கிறார்கள். இருளப்பன் நாற்காலியோடு போய்க் கோழிக்கூண்டின் மேல் விழுந்தார். இடுப்பு வலித்த ஒருத்தரும் ஒரு வார்த்தை முனகவில்லை. சாயங்காலம் வெள்ளத்தாய் வீட்டுக்குக் குருவம்மாள் ரசம் கொண்டுபோனாள், அங்கே ஏற்கெனவே மூன்று வீட்டு ரசம் இருந்தது.

அடுத்த வாரம் காஜா மைதீன் போன் செய்தான். ஸ்பிரிங் வந்துவிட்டது.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. "மாத்தாதீக சித்தப்பா, இப்பத்தான் யாரு யாரை நெனக்கிறாகன்னு தெரியுது" என்றான் செல்லையா. மலர்க்கொடி வேண்டாம் என்றாள், பிரசவத்துக்கு மகளை அனுப்பிய தாய் வேண்டாம் என்றாள். குருவம்மாள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நெனப்பு வேணும்ப்பா, வேண்டாங்கல" என்றார் தவசிலிங்கம். "ஆனா அது ஒருநா இருக்கும், ஒருநா அயரும். அன்னைக்கு அந்தக் கரையில நம்ம வெள்ளத்தாயி இருப்பா. நான் இரும்பைத்தான் நம்புவேன்." சொன்னபடி அன்றைக்கே மாட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நெடுங்கரைப்பட்டி வழக்கம்போல குழம்புச் சட்டியை இறக்கியது, கத்தியை மடித்தது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று தெரிந்தும் அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

கார் எல்லாக் காரையும் போலக் குலுங்கிக்கொண்டு போனது. புது ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் வாங்கி, அமுங்கி, எழும்பியது. தவசிலிங்கத்துக்கு அந்தக் குலுக்கு கேட்கவே சுகமாக இருந்தது. மூன்றாம் நம்பர் பள்ளம் தாண்டியதும் பின்னால் ஒரு சத்தம். திக்கென்று பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளத்தாய்க்கு விக்கல்.

"குருவம்மா மதினியா இருக்கும்" என்றாள் அவள், தனக்குத்தானே. விக்கல் நிற்கவில்லை. "செல்லையாவா?" மறுபடியும் விக்கியது. "மலர்க்கொடி... இருளப்பண்ணே... அவுக வீட்டுக்காரம்மா..." ஒரு பெயர், ஒரு விக்கல், ஒரு பெயர், ஒரு விக்கல், வடக்குத்தெரு முடிந்து மேலத்தெருவுக்கு வந்தாள், எந்தப் பெயருக்கும் அது நிற்கிற வழியாக இல்லை.

தவசிலிங்கம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின்னால் நீட்டினார். "ஒரு வாய் குடி தாயி, நின்னுரும்."

வெள்ளத்தாய் உள்ளங்கையால் பாட்டிலை மெதுவாகத் தள்ளிவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"வேணாம்ணே" என்றாள். "நீங்க வண்டிய எடுங்க. இது இருக்கட்டும்."